சுடாமல் வைத்திருக்கும் அப்பா

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டால் "ம், நல்லாருக்கேன், சாப்பிட்டாச்சு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவீர்கள் என்பதால் கேட்கவில்லை.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று காகிதமும் பேனாவும் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் நம் சின்னவன் வண்டு போனைப் பிடுங்கித் தன் மூக்குத் துவாரத்தை உங்களுக்குக் காட்டுகிறான். அவனிடமிருந்து நான் பிடுங்கினால் உங்களுக்கு லைன் கட்டாகிவிடுகிறது. தானாகக் கட்டாகிறதா, நீங்கள் கட் செய்கிறீர்களா என்ற ஆராய்ச்சியை இப்போது எடுக்கவில்லை. உங்களோடு வேலை செய்கிற வெல்டர் தம்பி லீவு முடிந்து நாளைக் காலை கிளம்புகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பாவையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தின் ஓரத்தில் நீலமாக இருப்பது பேனா மை இல்லை. தேய்த்துத் தேய்த்து என் விரல் தோல்தான் உரிகிறது, நிறம் போகவில்லை. அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

எல்லாம் வண்டுவின் நர்சரி டீச்சரால் வந்தது. போன மாதம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பையன் பென்சிலே பிடிக்க மாட்டேங்கிறான் மேடம், விரல்ல பலமே இல்ல. வீட்ல களிமண் மாதிரி ஏதாவது குடுத்துப் பிசையச் சொல்லுங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வரும் வழியிலேயே போனில் தேடிப் படித்து, பிள்ளைக்கு இல்லாத வியாதியையெல்லாம் வரவழைத்துவிட்டேன். அன்றைக்கே கடைக்குப் போய்க் கலர் கலராகக் களிமண் வாங்கி வந்தேன். பச்சை நிறக் கட்டியைக் காணோம். "எங்கடா?" என்றால் வயிற்றைத் தட்டிக் காட்டுகிறான். மறுநாள் காலை அவனைக் கழுவிவிடும்போது நான் போட்ட அலறலில் பெரியவள் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, அதே பச்சை!" என்றாள். இதையெல்லாம் நீங்கள் போனில் பார்த்திருக்க முடியாது.

எப்படியும் தின்னத்தான் போகிறான், தின்கிற மாவாகவே கொடுத்துவிடலாம் என்று எனக்கு யோசனை தோன்றியது. வெண்ணெய், பொடித்த சர்க்கரை, முட்டை, மைதா. பிசைந்து, பிரித்து, நிறம் சேர்த்து, பிள்ளைகள் கையில் கொடுத்தால் வேண்டிய உருவம் பிடிப்பார்கள். சுட்டால் அதே உருவத்தில், அதே நிறத்தில் பிஸ்கட். போனில் பார்த்த செய்முறை வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்தாள். அவள் வீட்டுத் தரை பளபளவென்று இருந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நம்மிடம் ஓவன் கிடையாது. மேல் மாடிப் பல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சர்க்கரைப் பண்டம் செய்யப் பல் டாக்டரிடமே ஓவன் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் தானே தூக்கிக்கொண்டு வந்து நம் சமையலறை மேடையில் வைத்து, "தாராளமா செய்யுங்க, தின்னு முடிச்சதும் என்கிட்டதானே வரப்போறாங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "என்ன செய்யப் போறீங்க?" என்று பெரியவளைக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "குடும்பம்" என்றாள்.

முதல் ஈடு நாசமாய்ப் போனது. காரணம் நான்தான். செய்முறையில் பேக்கிங் பவுடரே இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லையா நான், அவள் சொல்ல மறந்துவிட்டாள் என்று நானாகத் திருத்தி ஒரு ஸ்பூன் போட்டேன். மாவு உப்பக் கூடாது, உப்பினால் உருவம் நிற்காது, அதற்காகத்தான் போடவில்லை என்பது தட்டை வெளியே எடுத்ததும் விளங்கியது. மூன்று பேரும் குளவி கொட்டியது மாதிரி வீங்கி, கழுத்தென்று ஒன்று இல்லாமல், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒட்டிக்கொண்டு வெளியே வந்தோம். பெரியவளுக்குத் தன் உருவத்தைப் பார்த்து அழுகை. "எனக்கு ரெண்டு தாடை வந்துடுச்சும்மா." அம்மாவைப் பார், அம்மாவுக்கு மூன்று தாடை என்று சமாதானம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா மட்டும் கரெக்டா வந்திருக்கு" என்றாள். வளர்ப்பு.

மறுநாள் ஒழுங்காக, சொன்னதைச் சொன்னபடி செய்தேன். அதற்குள் ஜெல் கலர் குப்பியை வண்டு கண்டுபிடித்துவிட்டான். மாவுக்கு ஒரு சொட்டு போதும், அவன் கைக்கு முழுக் குப்பி. சோப்பு, எண்ணெய், எலுமிச்சை எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டு, நீலக் கையோடேயே நர்சரிக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் டீச்சர் போன். "மேடம், பையன் கை விரலெல்லாம் நீலமா இருக்கு, மூச்சு விடறதுல ஏதாவது பிரச்சனையா?" நீங்கள்தானே பிசையச் சொன்னீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. "கலர் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது ஈடு அழகாக வந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்பு கவுனில் பெரியவள். மஞ்சள் சட்டையில் வண்டு. எனக்குப் பச்சை நைட்டி. அதைத் தவிர என்னை அவர்கள் வேறு உடையில் பார்த்ததில்லையாம். பல் டாக்டரம்மாவுக்கு மட்டும் வாய் நிறையப் பல். அவரும் இறங்கி வந்து பார்த்து, தன் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது போதாது, இன்னும் வைக்கணும்" என்று பெரியவளோடு வம்பு வளர்த்தார். எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் முறை வந்தது.

வண்டு நீல மாவை உருட்டி, தலை வைத்தான். அதன் கீழ் நெஞ்சு வரை தட்டினான். முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டான். "டேய், கால் வைக்கல" என்றாள் பெரியவள். "அப்பாவுக்குக் கால் கிடையாது" என்றான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "இல்லவே இல்ல, நான் பாத்திருக்கேன். அப்பா இவ்ளோதான்" என்று தன் நெஞ்சுக்குக் குறுக்கே கையை வைத்துக் காட்டினான். நீங்கள் கடைசியாக வந்து போனபோது அவன் பால்புட்டியை விடாத பிள்ளை. அவனுக்குத் தெரிந்த அப்பா போனுக்குள் எவ்வளவு அடங்குகிறாரோ அவ்வளவுதான். "இருக்குடா, நான் பாத்திருக்கேன்" என்று அவன் மாதிரியே நானும் சாட்சி சொன்னேன். அவன் நம்பவில்லை.

பெரியவள் தானே இரண்டு கால் உருட்டி ஒட்டினாள். அப்புறம் கோகோ மாவில் மீசை. உடனே அடுத்த சண்டை. அலமாரி மேல் இருக்கும் போட்டோவில் மீசை இருக்கிறது என்கிறாள் அவள். போனில் இல்லை என்கிறான் இவன். இரண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். "அம்மா, நீ சொல்லு, அப்பாவுக்கு இப்ப மீசை இருக்கா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை.

கட்டிய மனைவிக்குத் தெரியவில்லை. பகலில் பேசினால் அந்தக் குளிர்க் கிடங்குக்குள்ளிருந்து மூக்கு வரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பேசுகிறீர்கள். இரவில் பேசினால் ரூமில் மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று விளக்கை அணைத்துவிடுகிறீர்கள். நெற்றியும் ஒரு கண்ணும் தெரியும். கடைசியாக உங்கள் மேலுதட்டை எப்போது பார்த்தேன் என்று சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போதே எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் பேச முடியாதா உங்களால்?

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவளே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அப்பாவை இப்ப சுட வேண்டாம். சுட்டுட்டா மாத்த முடியாது. அப்பா வந்ததும் பாத்துட்டு சரி பண்ணிச் சுடலாம்." உங்களை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். ஓவனைத் திருப்பித் தர மேலே போனேன். டாக்டரம்மா வாங்கவில்லை. "இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்காராமே, அவரையும் சுட்டுட்டுக் குடுங்க" என்றார். எல்லோருக்கும் வேடிக்கை.

அன்றிலிருந்து என் உயிர் போகிறது. பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் டப்பாவைத் திறக்கிறார்கள். ஒரு நாள் உங்களுக்கு மீசை. மறுநாள் தாடி. ஒரு நாள் கால் நீளம் போதவில்லை என்று கையைப் பிய்த்துக் காலில் சேர்த்தார்கள். பிசைந்து பிசைந்து நீலமும் பழுப்பும் மஞ்சளும் ஒன்றாகி, நீங்கள் இப்போது ஈரச் சாக்கு நிறத்தில் இருக்கிறீர்கள். போதாததற்கு வண்டு யாரும் பார்க்காதபோது ஃபிரிட்ஜைத் திறந்து கிள்ளிக் கிள்ளி வாயில் போடுகிறான். பச்சை முட்டை சேர்த்த மாவு, கேட்க வேண்டுமா, வயிறு என்ன ஆகுமோ என்று நான் அவன் பின்னாலேயே அலைகிறேன். நீங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறீர்கள். பெரியவள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "அப்பா இளைச்சுட்டாரும்மா" என்று என்னிடம் வந்து முறையிடுகிறாள். ஏதோ நான்தான் சோறு போடாதது மாதிரி.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். அவர்கள் பள்ளிக்குப் போனதும் முட்டையில்லாமல் புது மாவு பிசைந்து, அதே அழுக்கு நிறம் வருவதற்குள் நான் பட்ட பாட்டை என்ன சொல்ல, அச்சாக உங்களை மாதிரியே செய்து டப்பாவில் வைத்துவிட்டேன். பழசைக் குப்பையில் போட மனசு வராமல் பின்னால் ஒரு கிண்ணத்தில் ஒளித்தேன். மாலையில் வண்டு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பெரியவள் கையில் எடுத்தாள், வயிற்றை அமுக்கினாள், என்னைப் பார்த்தாள். "இது வேற அப்பா" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். "எங்கப்பா வயித்துக்குள்ள ஒரு திராட்சை இருக்கும். நான்தான் வெச்சேன். சாப்பிடாமலே சாப்பிட்டாச்சுன்னு சொல்றாரில்ல, அதான்." இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. நீங்கள் சொல்கிற பொய் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி கம்பெனி கேட்கிறது, சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள், இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். சரி. அதன் பின்னால், "உன் இஷ்டம், நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று ஒரு வரி சேர்த்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் இஷ்டத்தைக் கேட்டா அங்கே போனீர்கள்? முடிவை என் தலையில் கட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நின்றால் என்ன அர்த்தம்? வா என்று சொன்னால், பிற்பாடு மறுபடி டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஒவ்வொரு நாளும் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பீர்கள். பேசினாலாவது பதில் பேசலாம். இரு என்று சொன்னால், இந்த இரண்டும் வளர்ந்து ஒரு நாள் என்னைக் கேட்கும்.

அந்தப் பதவிக்கு நீங்கள் எவ்வளவு ஏங்கினீர்கள் என்று தெரியாதவள் இல்லை நான். உங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனபோது வாயைத் திறக்காமல் இருந்தீர்கள். அது தெரிவதால்தான் சட்டென்று ஒரு வார்த்தை எழுத வரவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் எப்போதோ கத்தித் தீர்த்திருப்பேன்.

இன்று மாலை வெல்டர் தம்பி வந்திருந்தார். டப்பா வாங்க நாளைக் காலை வருகிறேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். செருப்பைக் கழற்றுவதற்குள் வண்டு ஓடிப்போய் அவர் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அவருடைய பேண்ட்டைத் தூக்கிப் பார்க்கிறான். "என்ன தம்பி தேடுற?" என்றார் அவர். "உங்களுக்குக் கால் இருக்கு" என்றான். "இருக்கே, ரெண்டு இருக்கே" என்று ஆட்டிக் காட்டினார். "நீங்க எங்கப்பா கூடத்தான வேலை பாக்குறீங்க? எங்கப்பாவுக்கு இருக்கா?" அந்த மனுஷன் முதலில் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். டீ போடுகிறேன் என்றதற்கு, "இல்லக்கா, வேலை கிடக்கு" என்று நின்றபடியே கிளம்பிவிட்டார். படியிறங்கும்போது மட்டும் திரும்பி, "அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடலக்கா. வீட்ல கேட்டுச் சொல்றேன்னு மேனேஜர்கிட்ட சொல்லியிருக்காரு. எல்லாரும் உங்க பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார். நன்றாயிருக்கிறது. முகம் தெரியாத அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்துகொண்டு நான் வாயைத் திறக்கக் காத்திருக்கிறார்களாம்.

டப்பாவில் எங்கள் மூவரையும் அனுப்பியிருக்கிறேன். டாக்டரம்மாவும் இருக்கிறார். வீங்கிய ஈட்டிலிருந்தும் என்னை ஒன்று வைத்திருக்கிறேன், உண்மை தெரியட்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எறும்புக்கு விடாமல் ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுங்கள். முதலில் வண்டுவைத்தான் தின்ன வேண்டும் என்பது பெரியவளின் உத்தரவு. உங்களை மட்டும் அனுப்பவில்லை. நீங்கள் இங்கே ஃபிரிட்ஜில் இருக்கிறீர்கள்.

நான் வா என்றும் எழுதப் போவதில்லை, இரு என்றும் எழுதப் போவதில்லை. தொழில் தெரிந்தவராயிற்றே என்று ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறேன். மீனையும் பழத்தையும் எந்தக் குளிரில் எவ்வளவு காலம் வைக்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் நீங்கள். தினமும் வெளியே எடுத்து, சின்னக் கைகள் பிசைந்து, கிள்ளித் தின்று, திரும்ப உள்ளே வைக்கிற மாவு எத்தனை நாள் தாங்கும்? "ஃப்ரீசர்ல போட்டுடுங்க, மாசக்கணக்கா கெடாது" என்கிறார் டாக்டரம்மா. கெடாது, எனக்கும் தெரியும். ஆனால் கல்லாகிவிடும். கல்லில் பெரியவளால் மீசை வைக்க முடியாது. வண்டுவால் கிள்ள முடியாது. கொஞ்ச நாள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அப்புறம் அது ஐஸ் எடுக்கும்போது கையில் இடிக்கிற ஒரு டப்பாவாகிவிடும். அவர்கள் கேட்பதையே விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம். இதற்கு ஒரு பதில் எழுதுங்கள். மேனேஜருக்கு என்ன சொல்வதென்று அதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நேரமாகிவிட்டது. காலையில் வண்டுவின் நகத்திலிருக்கும் நீலத்தை இன்னொரு தடவை சுரண்டிப் பார்க்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஃப்ளர் சுற்றாமல் உள்ளே போகாதீர்கள். எங்களிடம் பேசும்போது மட்டும் கழற்றுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பொய்யைச் சொல்லி என்ன பிரயோஜனம். ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். மீசை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சூப்பர்வைசரானாலும் சரி, டூல்ஸ் பையோடு ஆனாலும் சரி. வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், அவன் கண் முன்னால், உங்கள் காலால் ஒரு தடவை நடந்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாடி வீட்டு ஓவனை இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும்
உங்கள் மனைவி